மறவாத அணுக்கள்

நம் நெடுநாளைய நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் நம்மைத் தேடிக்கொண்டு வந்தார். வந்தவர் காப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டார். முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் காப்பியை மறுத்து நாம் கண்டதில்லை; ஆகையால் காரியம் சாமானியமானதல்ல என்று அப்போதே ஊகித்தோம்.

அவருடைய மனைவியாருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டு காலங் கழித்து வந்தது நமக்குத் தெரியும். தம்முடைய சிறுநீரகங்களில் ஒன்றை அந்த அம்மாளுக்குத் தந்துவிடுவதென்று நண்பர் தீர்மானித்திருந்ததும் தெரியும். இருவருக்கும் ரத்த வகுப்பு ஒன்றே. இருதயம், நுரையீரல் முதலிய மற்றப் பரீட்சைகளும் அனுகூலமாகவே முடிந்திருந்தன. கடைசியாகச் செய்த ஒரு பரீட்சையில்தான் தடை வந்து சேர்ந்தது. மனைவியின் ரத்தத்தில் தெளிந்த நீரைக் கணவருடைய வெள்ளை அணுக்களோடு கலந்து பார்த்தார்களாம். அணுக்கள் மடிந்து போயினவாம். "இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். இரண்டு குழந்தைகளைப் பெற்று வளர்த்தோம். அவள் தேகம் என்னை எப்போது, எதற்காகப் பகைத்தது?" என்று நண்பர் கேட்டார்.

நாம் வைத்தியரல்லோம். அன்று ஆறுதலாக ஏதோ சொல்லி அனுப்பினோம். பிறகு படித்தும், விஷயமறிந்தவர்களைக் கேட்டும் பார்த்ததில், அவர் கேட்ட கேள்விக்குள்ளேயே விடையும் இருந்தது என்று கண்டோம். இரண்டு குழந்தைகளைப் பெற்றார்கள் அல்லவா? அதுதான் விடை. அது எவ்வாறு என்று சொல்வதற்குச் சற்றுச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். வாசகர்கள் பொறுமையுடன் உடன் வருவார்களாக.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1940-ம் வருஷத்தில், ஆக்ஸ்போர்டு நகரில் பீட்டர் மெடவார் என்ற பிராணி சாஸ்திரியின் வீட்டுக்குச் சமீபத்தில் குண்டு விமானம் ஒன்று விழுந்து தீப்பற்றியது. அதன் விமானி உயிர் பிழைத்தார். ஆனால் தேகத்தில் பெரும் பகுதி வெந்து போயிற்று. இத்தகையவருக்குத் தோல் எங்கிருந்து வரும்? சொந்தத் தோலில் மிஞ்சியது போதாது. பிறர் தோலை வைத்துத் தைத்தால் சில நாள் ஒட்டியிருந்துவிட்டுக் கருகி உதிர்ந்துவிடும் என்பது ரண வைத்தியர்களுக்கு முன்னமே தெரிந்த சங்கதி. நம் சுசுருதர்கூட, மூக்கறுபட்டவனுக்கு மூக்குச் செய்யும் முறையைச் சொல்லும்போது, அவனுடைய கன்னத்துத் தோலையே எடுக்கச் சொன்னாரேயன்றிப் பக்கத்து வீட்டுக்காரன் கன்னத்தை நாடவில்லை. ஆனால் அந்நியத் தோல் ஏன் உதிர்கிறது என்பதை ஒருவரும் தீர்மானமாகச் சொல்லவில்லை. மெடவார் அதைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டார்.

கிளாஸ்கோ நகரத்து ராயல் ஆஸ்பத்திரியில் தாமஸ் கிப்ஸன் என்ற ரண வைத்தியரோடு சேர்ந்து அவர் செய்த சோதனை 1943-ல் பிரசுரமாயிற்று. தீயில் கடுமையாக வெந்த ஒரு பெண்மணிக்கு அவளுடைய சகோதரனின் தோலைச் சிறுசிறு துண்டுகளாக எடுத்துப் புண்ணின்மேல் பதித்தார்கள். அவை பற்றிக்கொண்டு வளரவும் தொடங்கின. பிறகு வாடி அழிந்தன. இவ்வளவும் எதிர்பார்த்ததே. ஆனால் முதல் தொகுதியைப் பதித்துச் சுமார் இரண்டு வாரம் ஆனபின், அதே சகோதரனுடைய தோலில் இரண்டாவது தொகுதி ஒன்றையும் பதித்திருந்தார்கள். இது முதல் தொகுதியைப்போல் பற்றிக்கொண்டு வளரவேயில்லை. அதைவிட வெகு சீக்கிரத்தில் நாசமாயிற்று.

இந்த ஒரு வித்தியாசத்தில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருந்தது. தோல் உதிர்வது வெறும் ஒவ்வாமையினாலோ, ரத்தம் பாயாமையினாலோ என்றால், இரண்டாம் தடவையும் முதல் தடவை எடுத்துக்கொண்ட காலமே ஆகவேண்டும். சீக்கிரம் உதிர்ந்ததென்றால், அந்தத் தேகம் முதல் தடவை கண்டதை நினைவில் வைத்திருந்தது என்றே பொருள். மணல்வாரி வந்து போன குழந்தைக்கு மறுபடியும் மணல்வாரி வருவதில்லை என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதே சக்திதான் இங்கும் வேலை செய்கிறது! மெடவார் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பி, முயல்களின்மேல் இதே சோதனையை மிகவும் விஸ்தாரமாக நடத்தி, சந்தேகத்துக்கிடமின்றி நிரூபித்தார். ஒரு முயலின் தோலை மறுத்த முயல், அதே முயலின் தோலை மறுபடியும் வைத்தால்தான் அவசரமாக மறுக்கிறது. சம்பந்தமில்லாத மூன்றாவது முயலின் தோலை வைத்தால் பழைய சாவகாசத்துடனேயே மறுக்கிறது. ஆள் அடையாளம் தெரிந்த ஞாபகம் அது.

அந்த ஞாபகம் எங்கே தங்குகிறது? ரத்தத்தின் தெளிவில் மிதக்கும் எதிர்ப்பொருள்களில்தான் என்று அக்காலத்தில் பலர் எண்ணினார்கள். ஏவ்ரியன் மிட்சிஸன் என்பவர் 1953-ல் சுண்டெலிகளை வைத்து வேறு விதமாகக் காட்டினார். அந்நியத் திசுவை ஒரு முறை மறுத்த எலியின் ரத்தத் தெளிவை இன்னொரு எலிக்கு ஏற்றினால் ஞாபகம் உடன் போகவில்லை. அதன் நிணக்கணுக்களிலிருந்து உயிருள்ள அணுக்களை எடுத்து ஏற்றினால் போயிற்று. மெடவாரும் அவருடைய தோழர்களான பில்லிங்காம், பிரெண்ட் இருவரும் தோல் விஷயத்திலும் அவ்வாறே என்று அடுத்த வருஷம் கண்டார்கள். காலில் முள் தைத்துப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது என்கிறோமே, அந்த நெறிதான் நிணக்கணு. லிம்போசைட் என்ற சிறு வெள்ளை அணுக்களின் சத்திரம் அது. அந்த அணுக்களை அதுவரை வேலையற்ற சோம்பேறிகள் என்றே பல சாஸ்திரிகள் நினைத்திருந்தார்கள். ஆக்ஸ்போர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் என்பவர் அவை ரத்தத்திலிருந்து நிணக்கணுவுக்கும், அங்கிருந்து மறுபடி ரத்தத்துக்குமாக ஓயாமல் ரோந்து சுற்றுகின்றன என்று காட்டிய பிறகே அவற்றுக்கு மரியாதை வந்தது. மெடவாருக்கு 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நிற்க. இனி அந்த அணுக்கள் எவ்வாறு விழித்தெழுகின்றன என்பதைக் கவனிப்போம்.

நம் ஒவ்வொருவருடைய அணுக்களின் மேற்புறத்திலும் எச்.எல்.ஏ. என்னும் முத்திரைகள் பதிந்திருக்கின்றன. பாதி தாய்வழி வந்தவை. பாதி தந்தைவழி வந்தவை. ஒரே அச்சில் வார்த்த இரட்டையரும் உடன்பிறந்தாரில் சிலரும் நீங்கலாக, இருவருக்கு முத்திரை முற்றிலும் ஒத்திருப்பது வெகு அபூர்வம். பாஸ்டன் நகரில் ஜோஸப் மரே 1954-ம் வருஷம் டிசம்பர் 23-ந் தேதி செய்த சிறுநீரக மாற்று சிகிச்சை வெற்றி பெற்றதற்கும் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் அத்தகைய இரட்டைச் சகோதரர்களாக இருந்ததே. பிறருடைய முத்திரையைக் கண்டால் எதிர்த்து எழுவதற்கு நம்மிடம் டி அணுக்கள் என்ற லிம்போசைட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இரு ஜாதி. ஒன்று, இன்னும் பகைவனை நேரில் பாராத கன்னி அணு. மற்றது, பார்த்துப் போரிட்டு மீண்ட ஞாபக அணு.

கன்னி அணு எளிதில் கோபிக்காது. பாங்கியில் நகைப் பெட்டகத்தைத் திறப்பதற்கு நம்மிடம் ஒரு சாவியும் பாங்கிக்காரரிடம் ஒரு சாவியும் இருப்பதுபோல், அதை எழுப்புவதற்கு இரண்டு சாவிகள் வேண்டும். அந்நிய முத்திரை முதல் சாவி. அந்த முத்திரையைத் தூக்கிக்கொண்டு வரும் காவல் அணு, 'அபாயம்' என்று தனியாகக் கொடுக்கும் சமிக்ஞை இரண்டாவது சாவி. சி.டி.28 என்ற துவாரத்தின் வழியாக அது நுழையவேண்டும். இந்தச் சந்திப்பும் எங்கே வேண்டுமானாலும் நடந்துவிடாது. காவல் அணு, புதிய உறுப்பிலிருந்து புறப்பட்டு நிணக்கணுவரை யாத்திரை செய்து அங்கே கன்னி அணுவைக் காணவேண்டும். பிறகு அந்த அணு பெருகிப் படையாகி, உறுப்பைத் தேடி வருவதற்குப் பல நாட்கள் செல்கின்றன. போர் முடிந்ததும் படையில் பெரும்பாலும் மடிந்துபோகும். சிறு பகுதி மட்டும் வருஷக் கணக்காக உயிரோடு நின்றுவிடுகிறது. இவைதாம் ஞாபக அணுக்கள்.

இவற்றின் சுபாவமே வேறு. முதலாவது, எண்ணிக்கையிலேயே இவை அதிகம். அடுத்து, முதல் சாவி சற்று மேலாகப் பட்டாலே போதும். இரண்டாவது சாவிக்காகப் பெரும்பாலும் காத்திருப்பதில்லை. நாட் கணக்கில் ஆயத்தம் செய்யாமல், சில மணி நேரத்துக்குள் இண்டர்பெரான் முதலிய நெருப்புப் பொருள்களைக் கக்கத் தொடங்கிவிடுகின்றன. எல்லாவற்றிலும் முக்கியமானது, நிணக்கணு என்ற கச்சேரிக்குப் போய் உத்தரவு வாங்கவேண்டிய அவசியமே இவற்றுக்கு இல்லை.

இதை வெகு சாமர்த்தியமாகக் காட்டினவர்கள் அமெரிக்காவில் பாடி லக்கிஸ் என்பவரும் அவருடைய குழுவினரும். நிணக்கணுக்களும் மண்ணீரலும் இல்லாத சுண்டெலிகளுக்கு மாற்று உறுப்பு வைத்தால், கன்னி அணுக்கள் அதை அறியாமலேயே இருந்துவிடுகின்றன என்று 2000-ம் வருஷம் அவர்கள் கண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட எலிகளுக்கே ஞாபக அணுக்களைக் கொடுத்துப் பார்த்தபோது உறுப்பு நிராகரிக்கப்பட்டது என்று 2002-ல் வெளியிட்டார்கள். கச்சேரியே இல்லாத ஊரிலும் தண்டனை நிறைவேறிவிட்டது!

எங்கே அவை விழித்துக்கொள்கின்றன? உறுப்பின் வாசலிலேயேதான். சிறுநீரகத்தைக் கொடுப்பவரிடமிருந்து எடுத்து, பனிக்கட்டிக் குளிரில் வைத்திருந்து, பெறுபவரின் ரத்தக் குழாயோடு தைத்துக் கவ்வியை அவிழ்க்கும் சமயத்தை நினைத்துப் பாருங்கள். வெளுத்துக் கிடந்த உறுப்பு ஒரு நிமிஷத்தில் சிவந்து உயிர் பெறுகிறது. பார்ப்பவர்களுக்கு ஆனந்தம். ஆனால் ரத்தமின்றிக் கிடந்து திடீரென்று ரத்தம் பெற்றதினால் அதன் குழாய்களின் உட்புறம் சற்றுக் காயப்பட்டிருக்கும். காயப்பட்ட இடம் வெள்ளை அணுக்களை அழைக்கும். அழைப்பைக் கேட்டு வரும் ஞாபக அணு, குழாயின் உட்சுவரிலேயே கொடுத்தவருடைய முத்திரையைக் காண்கிறது. கன்னி அணுவுக்கு அந்தச் சுவரின் முத்திரை மட்டும் போதாது. ஞாபக அணுவுக்குப் போதும். அங்கேயே ஒட்டிக்கொண்டு உள்ளே புகுந்து, உறுப்பினுள் வந்து தங்கும் காவல் அணுக்களின் தூண்டுதலால் அங்கேயே பெருகவும் செய்கிறது.

முன்பின் பாராத ஒருவருடைய உறுப்பைப்பற்றி ஒருவருக்கு ஞாபகம் எப்படி வந்தது என்று கேட்கலாம். முன்பு ஒரு மாற்று உறுப்பு வைத்திருந்தால் வரும். பிறர் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தால் வரும். இவ்விரண்டும் எதிர்பார்க்கக் கூடியவையே. ஆச்சரியமான வழி ஒன்று உண்டு; அது கிருமிகளால் வருவது. எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் உலகத்தில் பெரும்பாலோர் உடம்பில் ஏதோ ஒரு காலத்தில் நுழைந்ததுதான். அந்த வைரஸை நினைவில் வைத்திருக்கும் சில டி அணுக்கள், எச்.எல்.ஏ. பி44 என்ற முத்திரையை வேறொருவரிடம் கண்டால் அதையே வைரஸென்று எண்ணித் தாக்குகின்றன என்பதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் காட்டினார்கள். இரவில் கயிற்றைப் பாம்பென்று அடிப்பது போலத்தான். ஆகவே, யாருடைய ரத்தமும் ஏறாதவரிடத்திலும் ஞாபக அணுக்கள் இருக்கலாம்.

இதனால் சாஸ்திரிகளுக்கு நேர்ந்த ஓர் ஏமாற்றத்தையும் சொல்லவேண்டும். இரண்டாவது சாவியின் துவாரத்தை மருந்தினால் அடைத்துவிட்டால், சுண்டெலிகள் அந்நிய உறுப்பை ஆயுள் முழுதும் ஏற்றுக்கொண்டன. மனிதருக்கும் விடிந்துவிட்டது என்று எண்ணினார்கள். விடியவில்லை. ஆராய்ச்சிசாலையின் எலி, ராஜகுமாரனைப்போல் கிருமியே அண்டாத கூண்டில் வளர்ந்தது. அதனிடம் ஞாபக அணு மிகக் கொஞ்சம். நாமோ புழுதியிலும் காய்ச்சலிலும் வளர்ந்தவர்கள். பல வைரஸ்களை அடுத்தடுத்துக் கண்ட எலிகளிடத்தில் அதே சிகிச்சை பலிக்கவில்லை என்று அமெரிக்காவில் 2003-ல் கண்டு சொன்னார்கள். பெலாட்டாசெப்ட் என்ற மருந்து அந்த இரண்டாவது சாவியையே தடுப்பது. அமெரிக்காவில் 2011-ல் அனுமதி பெற்றது. அதற்கு முன் நடந்த பெரிய பரீட்சையில், முதல் வருஷத்தில் தீவிர நிராகரிப்பு பழைய மருந்தான சைக்ளோஸ்போரின் சாப்பிட்டவர்களில் 100-க்கு 7 பேருக்கும், புதிய மருந்தை இப்போதைய அளவில் பெற்றவர்களில் 100-க்கு 17 பேருக்கும் நேர்ந்தது. இரண்டாவது சாவியைக் கேட்காத ஞாபக அணுக்களே இதற்கு ஒரு முக்கிய காரணம் என்று கருதுகிறார்கள். ஆயினும் ஏழு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, புதிய மருந்தினரே உயிரிலும் சிறுநீரகத்தின் வேலையிலும் மேலாக இருந்தார்கள். முதல் வருஷக் கணக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் ஒரு நல்ல மருந்தை இழந்திருப்போம்.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். குழந்தை கர்ப்பத்திலிருக்கும்போது அதன் அணுக்களில் பாதி முத்திரை தந்தையுடையது. அதைத் தாய் உடம்பு பத்து மாதம் தாங்குவது தனி அதிசயம். அதை வேறொரு வாரம் எழுதுவோம். கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் சிசுவின் அணுக்கள் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. சில தாய்மார்களின் உடம்பு அப்போது தந்தையின் முத்திரையைக் குறித்துக்கொண்டுவிடுகிறது. டி அணுக்கள் மட்டுமல்ல; எதிர்ப்பொருள்களைச் செய்யும் பி அணுக்களும் குறித்துக்கொள்கின்றன. அவற்றிலிருந்து பிறந்த சில அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் குடியேறி, கேட்பாரில்லாமலே வருஷக் கணக்காக எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டிருக்கும். எச்.எல்.ஏ. முத்திரைகளை ஆராய முற்பட்ட 1958-ம் வருஷத்தில், ஹாலந்திலும் அமெரிக்காவிலும் சாஸ்திரிகள் இந்த எதிர்ப்பொருள்களைக் கண்டதே பிள்ளை பெற்ற தாய்மாரின் ரத்தத்தில்தான். நண்பரின் மனைவியார் அவரைப் பகைக்கவில்லை. அவருடைய பிள்ளைகளைச் சுமந்தார். அதன் அடையாளம் இது.

ரத்தத் தெளிவை அணுக்களோடு கலந்து பார்க்கும் பரீட்சைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பால் டெரஸாகி என்ற அமெரிக்கர் அதைச் செம்மைப்படுத்தியவர். ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே குற்றத்துக்காக யுத்த காலத்தில் குடும்பத்தோடு அரிஜோனாவில் முகாமில் அடைக்கப்பட்டு வளர்ந்த பிள்ளை அவர். அவரும் பட்டேல் என்பவரும் 1969-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பரீட்சையில் 'கூடாது' என்று வந்தும் சிறுநீரகம் பெற்ற 30 பேரில் 24 பேருக்கு அது உடனே கெட்டுப்போயிற்று. 'கூடும்' என்று வந்த 195 பேரில் 8 பேருக்கே அப்படி நேர்ந்தது. அன்றுமுதல் இந்தப் பரீட்சை செய்யாமல் ரண வைத்தியர் கத்தியை எடுப்பதில்லை. நண்பருக்கு வந்த தடை அவருடைய சிறுநீரகத்தை வீணாகாமல் காத்தது என்றுதான் சொல்லவேண்டும்.

எதிர்ப்பொருளை ரத்தத்திலிருந்து வடிகட்டி எடுக்கும் முறை உண்டு. அதைச் சில மணி நேரத்தில் துண்டிக்கும் இம்லிபிடேஸ் என்ற மருந்துக்கு 2020-ல் ஐரோப்பாவில் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். தொண்டைப்புண் உண்டாக்கும் ஒரு கிருமியிடமிருந்தே அதைக் கண்டெடுத்தார்கள் என்பது வேடிக்கை. ஆனால் சுரந்ததைத்தான் அது அழிக்கும். சுரக்கும் அணுவை அழிக்காது. ஒன்றிரண்டு வாரத்தில் எதிர்ப்பொருள் திரும்பி வரலாம். வெள்ளத்தை இறைத்து ஊற்றை விட்டுவைத்த கதை. ஞாபக அணுவையே தெரிந்தெடுத்து ஒழிக்கும் மருந்து இன்னும் கைக்கு எட்டவில்லை. ஒட்டுமொத்தமாக லிம்போசைட்டுகளை அழிக்கும் மருந்து கொடுத்தால் கன்னி அணுக்களே முதலில் மடிகின்றன. மிஞ்சிய ஞாபக அணுக்கள் காலியான இடத்தில் பெருகிவிடுகின்றன.

ரத்தம் ஏற்றுவதைப்பற்றி ஒரு வார்த்தை. இதில் சாஸ்திரமே ஒரு முறை தலைகீழாக நின்றது. முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் அதிக காலம் நிலைத்தது என்று 1973-ல் இதே டெரஸாகியும் ஓபெல்ஸ் என்பவரும் வெளியிட, சில வருஷ காலம் வேண்டுமென்றே ரத்தம் ஏற்றினார்கள்! சைக்ளோஸ்போரின் வந்தபின் அந்த அனுகூலம் தேய்ந்துவிட்டது; ஞாபகம் உண்டாகும் கெடுதல் மட்டும் நின்றது. ஆகவே மாற்று சிகிச்சையை எதிர்நோக்கியிருப்பவர் வீட்டில், சோகைக்கு ரத்தம் ஏற்றலாமென்று யாராவது சொன்னால், ஊசி மருந்தால் தீருமா என்று வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நல்லது. உயிருக்கு ஆபத்தான சமயத்தில் ரத்தத்தை மறுக்கச் சொல்லவில்லை. ஏற்றிக்கொண்டால் தேதியைக் குறித்து வைக்கவேண்டும். கருச்சிதைவு நேர்ந்திருந்தால் அதையும் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். நம் வீடுகளில் பெண்கள் இதைச் சொல்லக் கூசுகிறார்கள். சொல்லாததனால் வரும் நஷ்டம் அவர்களுக்கே.

நண்பருக்கு வழியே இல்லையா என்றால், உண்டு. தம் சிறுநீரகத்தைத் தம் மனைவிக்குத் தரமுடியாத ஒருவரும், அதே நிலையிலுள்ள வேறொருவரும் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். இவருடையது அவர் வீட்டுக்கு. அவருடையது இவர் வீட்டுக்கு. தென் கொரியாவில் 1991-ல் இது தொடங்கியது. நம் நாட்டு உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தது. 2011-ம் வருஷத்துத் திருத்தம் இந்த மாற்றுக் கொடையை அனுமதித்தது. நண்பர் தம் பெயரைக் கொடுத்திருக்கிறார். இதுவரை பார்த்த ஒரு ஜோடிக்கு ரத்த வகுப்புப் பொருந்தவில்லை. மற்றொரு குடும்பத்தில் மனைவிக்குத் தர முன்வந்த கணவருடைய ரத்தம் பொருந்துகிறது. அந்த அம்மாளுக்கும் மூன்று குழந்தைகளாம். அடுத்த செவ்வாய்க்கிழமை இந்த அம்மாளின் ரத்தத் தெளிவை அந்தக் கணவரின் அணுக்களோடும், அந்த அம்மாளுடையதை நம் நண்பரின் அணுக்களோடும் கலந்து பார்க்கப் போகிறார்கள்.